அரண்மனையை இழந்தும் அடிபணியாத சுல்தான்

நம் பள்ளியின் பரிசளிப்பு விழா மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். கட்டபொம்மனைப் பற்றியோ மருது சகோதரர்களைப் பற்றியோ எழுதிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. அன்று அவனுக்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. ஆகவே இந்தக் கட்டுரையே அவனுக்கு நான் தரும் பதில்.

ஒரு சனிக்கிழமை காலை, ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களைக் காட்ட அழைத்துச் சென்றிருந்தேன். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு, வெயிலோடு வெயிலாக நடந்து லெபோ ஆச்சேக்குள் திரும்பினோம். தெருப் பெயர்ப் பலகையைப் படித்த பையன் ஒருவன் கேட்டான்:

"சார், சூலியா தெருன்னா நம்ம கரையில இருந்து வந்த வியாபாரிங்க பேரு. ஆர்மீனியன் தெருன்னா ஆர்மீனியாக்காரங்க பேரு. இந்த ஆச்சே யாரு சார்?"

ஆச்சே என்பது ஒரு நாடு, அதற்கு ஒரு சுல்தான் இருந்தார், டச்சுக்காரர்கள் அரண்மனையைப் பிடித்த பிறகும் ஏறக்குறைய 29 ஆண்டுகள் அவர்கள் கையில் சிக்காமல் எதிர்த்து நின்றார்கள் என்று சுருக்கமாகச் சொன்னேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

"கடைசியில பிடிச்சிட்டாங்களா சார்?"

"சரணடைந்தார்."

"அப்ப தோத்துட்டாரு. தோத்துப் போனவரப் பத்தி எதுக்கு சார் நாம படிக்கணும்?"

அதற்குள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. "பிறகு சொல்கிறேன், வா" என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் 'பிறகு' இப்போதுதான் வந்திருக்கிறது.

நேர் மேற்கே ஒரு நாடு

மாணவர்களே, உங்கள் நிலநூல் படத்தை விரித்துப் பாருங்கள். நம் பினாங்குத் தீவில் விரலை வைத்து, மலாக்கா நீரிணையைக் கடந்து நேர் மேற்கே இழுத்துக்கொண்டே போங்கள். விரல் போய் முட்டும் இடம்தான் சுமத்ராவின் வடமுனையில் உள்ள ஆச்சே. அதன் தலைநகரான பண்டா ஆச்சே இங்கிருந்து சுமார் 550 கிலோமீட்டர் தூரம். ஜார்ஜ் டவுனிலிருந்து நம் நாட்டின் தென்கோடியிலுள்ள ஜொகூர் பாருவுக்குப் போவதைவிட, கடல் வழியே ஆச்சேயின் கிழக்குக் கரைக்குப் போவது கிட்டம்.

தமிழருக்கும் ஆச்சே புதிய இடம் அல்ல. முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை சுமார் 1025-ஆம் ஆண்டில் கடாரத்தைத் தாக்கியபோது, இலாமுரிதேசம் என்ற நாட்டையும் தாக்கியதாக அவனுடைய மெய்க்கீர்த்தி கூறுகிறது. கடாரம் என்பது நம் எதிர்க்கரையிலுள்ள கெடா. இலாமுரிதேசம் இன்றைய ஆச்சேப் பகுதியில் இருந்தது. பின்னர் நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை முதலிய துறைமுகங்களிலிருந்து மரைக்காயர்களும் பிற முஸ்லிம் வணிகர்களும் துணிமூட்டைகளோடு ஆச்சேக்குக் கப்பலோட்டினார்கள். ஆக, நாம் அங்கே படையாகவும் போனோம், வியாபாரியாகவும் போனோம். இரண்டையும் மறைக்காமல் சொல்வதுதான் சரித்திரம்.

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றிய பிறகு, ஆச்சேயின் சரக்கெல்லாம் இந்தத் தீவை நோக்கி வரத் தொடங்கியது. முக்கியமாக இரண்டு சரக்குகள்: மிளகு, பாக்கு. 1820-களில் உலகத்தில் விளைந்த மிளகில் ஏறத்தாழப் பாதி ஆச்சேயில் விளைந்தது என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பாக்கோ நம் தமிழ்நாட்டு வெற்றிலைத் தட்டு வரைக்கும் போனது. லெபோ ஆச்சேயில் இன்றும் நாம் காணும் பள்ளிவாசலை 1808-இல் எழுப்பியவர் ஆச்சேயிலிருந்து வந்த செல்வந்தரான துங்கு சையத் உசேன். அந்தத் தெரு, ஆச்சேக்கும் பினாங்குக்கும் நடுவே போடப்பட்ட பாலம் போல இருந்தது.

காகிதத்தில் விற்கப்பட்ட சுதந்திரம்

மிளகு விளையும் நாட்டை மற்றவர்கள் சும்மா விடுவார்களா? சுமத்ராவைத் தெற்கிலிருந்து கொஞ்சங் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டு வந்தனர் டச்சுக்காரர்கள். 1824-இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் இலண்டனில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்போது, ஆச்சேயின் சுதந்திரத்தை மதித்து நடப்பதாக டச்சுத் தரப்பு வாக்களித்திருந்தது. ஆனால் 1871-இல் செய்த மற்றோர் ஒப்பந்தத்தின்படி, சுமத்ராவில் டச்சுக்காரர்கள் எங்கே கால் வைத்தாலும் இனி மறுப்புச் சொல்வதில்லை என்று ஆங்கிலேயர் ஒதுங்கிக்கொண்டனர். ஆச்சேயின் விதி இப்படி ஐரோப்பாவில் முடிவானது. ஆச்சேக்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆபத்தை உணர்ந்த ஆச்சே, துருக்கியின் துணையை நாடியது. சிங்கப்பூரில் இருந்த அமெரிக்கத் தூதரோடும் பேசிப் பார்த்தது. இதையே சாக்காக வைத்து, 1873 மார்ச் 26-ஆம் நாள் டச்சு அரசு ஆச்சேயின் மீது போர் அறிவித்தது.

ஏப்ரல் மாதம் ஜெனரல் கோலர் என்பவரின் தலைமையில் 3,000-க்கு மேற்பட்ட வீரர்கள் கரையிறங்கினார்கள். பெரிய பள்ளிவாசலான பைதுர் ரஹ்மானைச் சுற்றிக் கடும் சண்டை நடந்தது. ஏப்ரல் 14-ஆம் நாள் அந்தப் பள்ளிவாசலின் முன்பாகவே ஜெனரல் கோலர் சுடப்பட்டு இறந்தார். தளபதியை இழந்த படை அந்த மாதம் முடிவதற்குள் கப்பலேறித் திரும்பிவிட்டது. ஐரோப்பிய வல்லரசு ஒன்று நம் வட்டாரத்தில் இப்படி முகத்தில் அறை வாங்கியது அரிது.

ஆனால் பட்ட அவமானத்தோடு டச்சுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு இறுதியில் ஜெனரல் வான் ஸ்வீட்டன் முதல் படையைவிடப் பல மடங்கு பெரிய படையோடு வந்தார். 1874 ஜனவரி 24-ஆம் நாள் அரண்மனை விழுந்தது. உள்ளே நுழைந்து பார்த்தால் ஆள் இல்லை. சுல்தான் மகமூது ஷாவும் அவருடைய மக்களும் முன்பே வெளியேறி மலைப்பக்கம் போய்விட்டார்கள். சில நாட்களுக்குள் காலரா நோய் சுல்தானின் உயிரைக் குடித்தது.

வான் ஸ்வீட்டன் என்ன நினைத்தார்? அரண்மனை நம் கையில், சுல்தான் இறந்துவிட்டார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். ஆச்சே சுல்தானின் ஆட்சி ஒழிந்தது என்றும், நாடு இனி டச்சு அரசுக்குச் சொந்தம் என்றும் பறைசாற்றினார்.

முடியவில்லை. அப்போதுதான் தொடங்கியது.

காட்டில் ஓர் அரியணை

மலைப்பக்கம் போன பெரியவர்கள் ஒன்றுகூடி, அரச குடும்பத்துச் சிறுவன் ஒருவனைப் புதிய சுல்தானாகத் தேர்ந்தார்கள். அவர்தான் முகம்மது தாவூத் ஷா. உங்களைப் போல விளையாடித் திரிய வேண்டிய வயது. அவர் வளரும்வரை பாதுகாவலராக இருந்து காரியங்களை நடத்தினார் அரச குடும்பத்தைச் சேர்ந்த துவாங்கு ஹாசிம் என்பவர். முடிசூட்டு விழா இந்திரபுரி என்னும் ஊரின் பழைய பள்ளிவாசலில் நடந்தது. ஊரின் பெயரைக் கவனியுங்கள். இஸ்லாம் வருவதற்கு முந்திய பழைய கட்டடத்தின் அடித்தளத்தின் மேல் எழுந்த பள்ளிவாசல் அது என்பார்கள்.

சிறுவன் சுல்தானால் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். அவரிடம் பெரிய படை இல்லை, பீரங்கி வரிசை இல்லை, கோட்டையும் இல்லை. ஆனால் ஒன்று இருந்தது. ஒன்பது வட்டங்கள் கொண்ட ஆச்சே சுல்தான்களின் முத்திரை. நடுவில் ஆளும் சுல்தானின் பெயர், சுற்றிலும் முன்னோரான எட்டு மன்னர்களின் பெயர்கள். அந்த முத்திரை பதித்த கடிதம் ஒன்று ஒரு மலைக்கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தால், 'நம் நாட்டுக்கு இன்னும் ஓர் அரசர் இருக்கிறார், டச்சுக்காரன் சொன்னது பொய்' என்று அந்த ஊர் அறிந்துகொண்டது. பிடியே என்னும் பகுதியிலுள்ள குமாலாவில் சுல்தான் தங்கினார். தலைநகரம் இல்லாத நாட்டுக்கு அது தலைநகரம் ஆயிற்று.

டச்சுக்காரர்களோ பழைய தலைநகருக்குக் கூத்தராஜா என்று பெயர் சூட்டிக்கொண்டு, கோட்டைக்குள் அடைந்து கிடந்தார்கள். வெளியே ஒரு மைல் போனால் துப்பாக்கிச் சூடு. உள்ளே இருந்தால் காலரா, பெரிபெரி, மலேரியாக் காய்ச்சல். 1884-க்குப் பிறகு தலைநகரைச் சுற்றிப் பதினாறு காவற்கோட்டைகளைக் கட்டி, அவற்றை இணைக்க டிராம் பாதையும் போட்டு, அந்த வளையத்துக்குள் ஒடுங்கினார்கள். வெற்றி பெற்றவர்கள் வேலிக்குள்ளே. தோற்றதாகச் சொல்லப்பட்டவர்கள் வெளியே நாடு முழுதும்! இந்த வேடிக்கையை நாம் கவனிக்க வேண்டும்.

பினாங்கின் எண்மர் சபை

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். ஒரு போரை நடத்த வீரம் மட்டும் போதுமா? சோறு வேண்டும், வெடிமருந்து வேண்டும், செய்தி வேண்டும், காசு வேண்டும். இவையெல்லாம் ஆச்சேக்கு எங்கிருந்து போயின? பெரும்பகுதி நம் பினாங்கிலிருந்து போயின.

போர் தொடங்கிய 1873-ஆம் ஆண்டிலேயே பினாங்கில் ஒரு சபை அமைந்தது. அதற்கு 'எண்மர் சபை' என்று பெயர். ஆச்சேப் பிரமுகர்கள் நால்வர், பினாங்கில் பிறந்த அரபியர் இருவர், பினாங்கில் பிறந்த இந்திய வம்சாவளியினர் இருவர். மாணவர்களே, இந்தக் கடைசி இருவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நாட்டின் சுதந்திரப் போருக்குத் தோள் கொடுத்தவர்களில் நம் தீவில் பிறந்த இந்திய மக்களும் இருந்தார்கள்.

இந்தச் சபை வெளிநாடுகளின் உதவியைத் தேடியது. போர்ச் செய்திகளை வெளியே பரப்பியது. டச்சுப் போர்க்கப்பல்கள் ஆச்சேத் துறைமுகங்களை முற்றுகையிட்டு நின்றபோது, கண்ணில் மண்ணைத் தூவிச் சிறு படகுகளில் பொருள்களை அனுப்ப வழி செய்தது. போகும்போது அரிசியும் துணியும் வெடிமருந்தும், வரும்போது மிளகு. பினாங்கு ஆங்கில அரசாங்கம் பேருக்கு நடுநிலை வகித்தது. ஆனால் ஆச்சே வணிகம் நின்றுபோனால் பினாங்கு வணிகர்களின் அடுப்பு எரியாது. எனவே முற்றுகையை எதிர்த்து முணுமுணுத்தவர்கள் இங்கே பலர்.

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் படகுகள் எல்லாம் தேசப்பற்றால் ஓடவில்லை. இலாபத்துக்காக ஓடியவையும் உண்டு. துப்பாக்கி விற்றுப் பணம் பார்த்தவர்களும் உண்டு. ஆனாலும் அந்த மிளகு மூட்டைதான் காட்டிலிருந்த சுல்தானின் கஜானா. மிளகு விற்றால் வெடிமருந்து, வெடிமருந்து இருந்தால் இன்னோர் ஆண்டு போர். கணக்கு இவ்வளவுதான்.

1883 நவம்பரில் நடந்த ஒரு சம்பவம் இதைத் தெளிவாக்கும். 'நிசேரோ' என்ற ஆங்கிலக் கப்பல் ஆச்சேயின் மேற்குக் கரையில் தெனோம் என்னுமிடத்தில் தரைதட்டியது. அந்தப் பகுதியின் ராஜா கப்பலின் மாலுமிகளைப் பிடித்து வைத்துக்கொண்டார். அவர் விடுவிப்பதற்குக் கேட்டது பணம் மட்டுமல்ல. முற்றுகையை நீக்கித் துறைமுகத்தைத் திறந்துவிட வேண்டும் என்பதும் அவருடைய நிபந்தனை. மாலுமிகள் விடுதலையாவதற்கு மறு ஆண்டு செப்டம்பர் ஆயிற்று. அதற்குள் இலண்டன் நாடாளுமன்றம்வரை ஆச்சேயின் பெயர் போய்விட்டது.

தலைவர்கள் பலர், போர் ஒன்று

சுல்தான் ஒருவர்தான் போரிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அபீப் அப்துர் ரகுமான் என்ற அரபியத் தலைவர் 1873-இல் துருக்கிவரை போய் உதவி கேட்டார். துருக்கி பரிவு காட்டியதே தவிரப் படை அனுப்பவில்லை. பின் அவர் பினாங்கு வழியாக ஆச்சேக்குள் நுழைந்து போரை நடத்தினார். ஆனால் 1878-இல் டச்சுக்காரர்கள் கொடுத்த பெரிய ஓய்வூதியத்தை ஏற்றுக்கொண்டு அரபு நாட்டுக்குப் போய்விட்டார். நம்பியவர்களுக்கு அது பெரிய அடி.

அந்த இடத்தை நிரப்பியவர் தெங்கு சிக் டி தீரோ என்னும் மார்க்க அறிஞர். 1881 முதல் 1891-இல் இறக்கும்வரை அவர் விலை போகவில்லை.

தெகு உமர் என்ற இளந்தலைவரின் கதையோ நாடகம் போன்றது. 1893-இல் டச்சுக்காரர்களுடன் சேர்ந்தார். பட்டமும் படைக்கலமும் பெற்றார். 1896-இல் எண்ணூறு துப்பாக்கிகளோடும் ஏராளமான தோட்டாக்களோடும் மீண்டும் தம் மக்கள் பக்கமே போய்ச் சேர்ந்துவிட்டார்! 1899 பிப்ரவரியில் மெலாபோ அருகே சுடப்பட்டு வீழ்ந்தார். அவருடைய மனைவி சுட் ஞாக் தீன் அதன் பிறகு காட்டில் போரைத் தொடர்ந்தார். கண் பார்வை மங்கி, மூட்டுவலியால் நடக்கவும் முடியாத நிலையில் 1905-இல்தான் பிடிபட்டார். ஜாவாவுக்கு நாடு கடத்தப்பட்டு 1908-இல் காலமானார். வேலு நாச்சியாரைப் போற்றும் நம் மாணவிகள் இந்த அம்மையாரையும் அறிந்திருக்க வேண்டும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். டச்சுப் படையில் இருந்தவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள் அல்லர். ஜாவா, அம்போன் முதலிய தீவுகளிலிருந்து கூலிக்கு வந்த ஏழை வீரர்கள் பெரும்பகுதி. சுமை தூக்கியவர்கள் சிறைக்கைதிகள். காலனி ஆட்சி நம்மவரைக் கொண்டே நம்மவரை அடக்கியது. மருதிருவரை ஒடுக்கிய படையிலும் இந்தியச் சிப்பாய்கள்தானே இருந்தார்கள்!

போரால் முடியாததைச் செய்த வழி

1891, 92-ஆம் ஆண்டுகளில் ஸ்நூக் ஹுர்க்ரோன்யே என்ற டச்சு அறிஞர் ஆச்சேக்கு வந்து, மக்களின் மொழி, மார்க்கம், பழக்கவழக்கம் எல்லாவற்றையும் ஆராய்ந்தார். அறிவு நல்லதுதான். ஆனால் அந்த அறிவைப் போருக்குப் பயன்படுத்தினார்கள். சின்னத் தலைவர்களைத் தனித்தனியே பிரித்து வசப்படுத்து, உறுதியாக நிற்பவர்களை விடாமல் துரத்து என்பது அவர் தந்த ஆலோசனையின் சாரம். 1898-இல் ஆளுநரான வான் ஹியூட்ஸ் அதைச் செயலாக்கினார். சிறு சிறு குழுக்களாகக் காட்டுக்குள் புகுந்து விரட்டும் படை அவரிடம் இருந்தது. அந்த ஆண்டு பிடியே பகுதி முழுவதையும் அவர் படை சல்லடை போட்டுச் சலித்தது.

சுல்தான் குமாலாவை விட்டு வெளியேறினார். பாசை, கயோ மலைப்பகுதி என்று ஊர் ஊராக ஓட்டம். வயது முப்பதைக் கடந்தவர். நினைவு தெரிந்த நாள் முதல் அமைதி என்பதையே அறியாதவர். எத்தனையோ முறை படை அவரை நெருங்கியது. ஒவ்வொரு முறையும் மக்கள் அவரை மறைத்து அனுப்பினார்கள்.

பிடிக்க முடியவில்லை. அப்போதுதான் வேறு வழியைக் கையாண்டார்கள். 1902 நவம்பரில் சுல்தானின் மனைவி ஒருவரைப் பிடித்தார்கள். டிசம்பரில் மற்றொரு மனைவியையும் சிறுவனான மகன் துவாங்கு இப்ராகிமையும் பிடித்தார்கள். ஒரு மாதத்துக்குள் சரணடையாவிட்டால் குடும்பத்தை நாடு கடத்திவிடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஏறக்குறைய 29 ஆண்டுகள் துப்பாக்கியால் முடியாததை, ஒரு தாயையும் பிள்ளையையும் பிடித்து வைத்து முடித்துக்கொண்டார்கள். 1903 ஜனவரி 10-ஆம் நாள் சுல்தான் முகம்மது தாவூத் ஷா சிக்லியில் சரணடைந்தார். பத்து நாள் கழித்துக் கூத்தராஜாவில், டச்சு அரசி வில்ஹெல்மினாவின் படத்தின் முன்னால் அவரை நிறுத்தி விழா நடத்தினார்கள். அவருடைய முக்கியத் துணைவரான பங்லிமா போலிம் அதே ஆண்டு செப்டம்பரில் சரணடைந்தார்.

அத்தோடு போர் நின்றுவிட்டதா? இல்லை. 1904-இல் கயோ மலைப்பகுதியில் வான் டாலன் என்ற அதிகாரியின் படை 2,900-க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பெண்களும் குழந்தைகளும். அந்தப் பிணக்குவியல்களின் நிழற்படங்கள் டச்சு நாட்டு மக்களையே உலுக்கின.

சுல்தானும் முழுக்க அடங்கிவிடவில்லை. ரஷ்யாவை ஜப்பான் எதிர்த்து நின்ற காலத்தில், ஜப்பானியப் பேரரசரிடம் உதவி கேட்டு இரகசியமாக எழுதினார். 1907-இல் கூத்தராஜாவிலிருந்த டச்சுப் படையினர் மீது ஓர் இரவுத் தாக்குதல் நடந்தது. சுல்தானுக்கும் அதில் தொடர்பு உண்டு என்று கருதிய டச்சு அரசு, அந்த ஆண்டு இறுதியில் அவரை அம்போன் தீவுக்கு நாடு கடத்தியது. பின்னர் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜாகர்த்தாவில், வாழ அனுமதித்தார்கள். 1939 பிப்ரவரியில் அங்கேயே காலமானார். ஆச்சேக்குத் திரும்பவே இல்லை.

மூன்றே ஆண்டுகளில், 1942-இல், ஜப்பானியர் வருவதற்குச் சற்று முன்பே ஆச்சேக்காரர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். டச்சு ஆட்சி ஆச்சேயை விட்டு ஓடியது. போர் முடிந்த பிறகு சுமத்ராவின் பிற பகுதிகளுக்குத் திரும்பி வந்த டச்சுப் படை, ஆச்சேயின் உள்நாட்டில் மட்டும் மறுபடி காலூன்றவே இல்லை.

நம்மிடையே இருக்கும் அடையாளங்கள்

இந்தப் போரின் சுவடுகள் தூரத்தில் இல்லை. டச்சு ஆட்சிக்கு அடங்க மறுத்துக் கடல் கடந்து வந்த ஆச்சேக்காரர்கள் கெடாவில், ஜெராய் மலையடிவாரத்திலுள்ள யான் வட்டாரத்தில் குடியேறினார்கள். அவர்கள் குடியிருந்த ஊர் கம்போங் ஆச்சே என்றே பெயர் பெற்றது. நம் தீவில் 1929-இல் பிறந்த திரைக்கலைஞர் பி. ரம்லியை அறியாத மலேசியர் உண்டா? அவருடைய தந்தையார் ஆச்சேயின் லோக்செமாவே என்னும் ஊரிலிருந்து வந்தவர்.

பண்டா ஆச்சேயில் டச்சுப் படையினரின் கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. ஏறத்தாழ 2,200 கல்லறைகள். ஜெனரல் கோலரின் எலும்புகளும் 1978-இல் அங்கே கொண்டுவந்து புதைக்கப்பட்டன. எதிரியின் கல்லறைகளை ஆச்சே மக்கள் இடித்துவிடவில்லை. அது அவர்களுடைய பெருந்தன்மை.

நமக்கும் இதே போன்ற கதை உண்டு. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் அவரோடு எழுபதுக்கு மேற்பட்டோரையும் 1802-இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். எங்கே தெரியுமா? இதே பினாங்குக்கு. தமிழ்நாட்டுப் போராளிகளுக்கு இந்தத் தீவு சிறைச்சாலை. ஆச்சேப் போராளிகளுக்கு இதே தீவு உயிர்நாடி. நாம் தினந்தோறும் நடக்கும் தெருக்கள் இரண்டு கதையையும் பார்த்தவை.

அந்த மாணவனுக்கு

தம்பி, "தோத்துப் போனவரப் பத்தி எதுக்குப் படிக்கணும்" என்று கேட்டாய் அல்லவா? இப்போது யோசித்துப் பார்.

1874-இல் ஒரு ஜெனரல், 'இந்த நாடு எங்களுடையது' என்று காகிதத்தில் எழுதி அறிவித்தார். ஒரு சிறுவனும் அவனைக் காத்து நின்ற மக்களும் 'இல்லை' என்றார்கள். அந்த 'இல்லை' என்ற ஒரு சொல்லை அழிக்க, உலகின் பணக்கார நாடுகளில் ஒன்றுக்கு ஏறக்குறைய 29 ஆண்டுகள் ஆயின. அதுவும் போர்க்களத்தில் அழிக்க முடியவில்லை. பிள்ளையைப் பிணையாக வைத்துத்தான் முடிந்தது. இதில் வெட்கப்பட வேண்டியவர் சரணடைந்த தகப்பனா, பிள்ளையைப் பிடித்தவர்களா? நீயே சொல்.

அதற்காகப் போர் நல்லது என்று நான் சொல்லவில்லை. எரிந்த கிராமங்கள் எத்தனை, பசியால் செத்தவர்கள் எத்தனை பேர்! பரணி பாடுவது சுலபம். அந்தக் காட்டில் ஒரு நாள் வாழ்வது கடினம். ஆனால் ஒரு நாட்டின் உயிர் அரண்மனைச் சுவரில் இல்லை, அதன் மக்கள் மனத்தில் இருக்கிறது என்பதை இந்தச் சரித்திரம் காட்டுகிறது. அந்த உயிரைக் காப்பாற்ற ஒரு சுல்தான் மட்டும் போதாது. பாதை காட்டியவன், படகு ஓட்டியவன், மிளகு மூட்டை சுமந்தவன், பினாங்கில் உட்கார்ந்து கடிதம் எழுதியவன் எல்லோரும் வேண்டும். அவர்களில் பலருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது.

இன்று பரிசளிப்பு விழா. மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளை மனமார வாழ்த்துகிறேன். மேடைக்கு வராமல் கைதட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வேன். கோப்பை கிடைக்காததால் நீங்கள் தோற்றவர்கள் ஆகிவிட மாட்டீர்கள். 'முடிந்தது' என்று மற்றவர்கள் சொன்ன பிறகும் தளராமல் முயல்கிறீர்களே, அதற்கும் சரித்திரத்தில் இடம் உண்டு.

அடுத்த முறை லெபோ ஆச்சே பக்கம் போனால், பெயர்ப் பலகையின் கீழே ஒரு நிமிடம் நின்று பாருங்கள். "ஆச்சே யாரு?" என்று பக்கத்தில் உள்ள தம்பி தங்கைகள் கேட்டால், பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று என்னைப் போல இழுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். நின்று பதில் சொல்லுங்கள்.